வாக்கும் வழக்கும் – 9: நீதிபதி ஹார்ட்டன் தோற்ற தேர்தல்

நீதிபதி பதவி ஓட்டுப் பெட்டிக்குள் வந்த கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். 1832-ல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் எல்லோரையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று அரசியல் சாசனத்தில் எழுதி வைத்தது. 1846-ல் நியூயார்க் அதே வழியில் போனது. பிறகு மாநிலம் மாநிலமாக அந்த முறை பரவியது. ஆளுநருக்கு வேண்டியவர்கள் நீதிபதி நாற்காலியில் அமர்வதைவிட ஊரார் பார்த்து உட்கார வைப்பவர் மேல் என்று அன்று வாதாடியவர்கள் உண்மையான அக்கறையோடுதான் வாதாடினார்கள். அந்த ஊராரில் யார் யார் சேர்த்தி என்ற கேள்வி மட்டும் அப்போது பெரிதாக எழவில்லை. அது தன் முழு முகத்தைக் காட்டியது நூறு ஆண்டுகள் கழித்து, அலபாமாவில்.

அலபாமாவில் சர்க்யூட் நீதிபதி என்றால் கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை முதலான பெரிய வழக்குகளை முதன்முதலில் விசாரிக்கிற நீதிபதி. நம் மாவட்ட செஷன்ஸ் நீதிபதிக்கு ஒப்பான பதவி. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை அவர் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டும். 1930-களில் அங்கே ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி ஜெயிப்பது அரிது. ஆகவே அந்தக் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தல்தான் உண்மையான தேர்தல். நவம்பரில் நடப்பது வெறும் சடங்கு.

ஓட்டுப் போட்டவர்கள் யார்? 1901-ல் அலபாமா ஒரு புதிய அரசியல் சாசனத்தை இயற்றிக்கொண்டது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது சொத்து இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரியும் கட்ட வேண்டும். ஒரு வருடம் கட்டாவிட்டால் அது அடுத்த வருடக் கணக்கில் ஏறும். 21 வயதிலிருந்து 45 வயது வரை ஏறிக்கொண்டே போய் 36 டாலரில் நிற்கும். பருத்திக் காட்டில் வாரச் சாகுபடி செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கு 36 டாலர் என்பது கையில் பார்த்திராத பணம். 1900-ல் அந்த மாநிலத்தில் ஓட்டுரிமைக்குத் தகுதியான கறுப்பின ஆண்கள் 1,80,000-க்கு மேல் இருந்தார்கள். 1903-ல் வாக்காளர் பட்டியலில் நின்றவர்கள் 3,000 பேர்கூட இல்லை. ஜூரர்கள் பட்டியலிலோ ஒருவரும் இல்லை. நீதிபதியைத் தேர்ந்தெடுத்தவர்களும், அவர் முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொன்னவர்களும் ஒரே நிறத்து மக்கள். கூண்டில் நின்றவர்களில் பலர் வேறு நிறம்.

இந்த ஏற்பாட்டின் நடுவிலிருந்து வந்தவர்தான் ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன்.

1878-ல் லைம்ஸ்டோன் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பா ஒரு உயில் நீதிமன்ற நீதிபதி. அம்மா, உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட ஜெனரல் டேனியல் டோனல்சனின் மகள். அடிமை முறைக்காகப் போரிட்ட சமூகத்தின் மேல்தட்டுக் குடும்பம் என்று சொன்னால் அதில் பிழையில்லை. டென்னசியில் கம்பர்லாந்து பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, ஏதென்ஸ் என்ற தன் சிற்றூருக்குத் திரும்பி வக்கீல் தொழில் செய்தார். மாநிலச் சட்டமன்றத்திலும் சில காலம் இருந்தார். 1922-ல் எட்டாவது சர்க்யூட்டின் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928-ல் இரண்டாம் முறை. ஆறடிக்கு மேல் உயரம், ஒடிசலான தேகம், நிதானமான பேச்சு. பார்த்தவர்களுக்கு ஆபிரகாம் லிங்கனின் நினைவு வந்ததாக அன்றைய பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். 1934-ல் மூன்றாம் முறையும் அவர்தான் என்பதில் 1933 தொடக்கம் வரை யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

வழக்கு அவரிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1931 மார்ச் 25. சாட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிப் போன கூட்ஸ் வண்டியில், வேலை தேடி டிக்கெட் இல்லாமல் ஏறிய இளைஞர்கள் பலர் இருந்தார்கள், வெள்ளையரும் கறுப்பரும். ஒரு வெள்ளை இளைஞன் ஹேவுட் பேட்டர்சன் என்ற கறுப்பின இளைஞனின் கையை மிதித்ததில் சண்டை மூண்டது. தோற்று இறக்கிவிடப்பட்ட வெள்ளை இளைஞர்கள் ஸ்டேஷனில் போய்ப் புகார் சொன்னார்கள். பெயின்ட் ராக் என்ற ஊரில் துப்பாக்கி ஏந்திய கூட்டம் வண்டியை மறித்தது. ஒன்பது கறுப்பினப் பையன்கள் பிடிபட்டார்கள். பெரும்பாலும் பதின்வயதினர், கடைசிப் பையனுக்கு 13 வயதுதான் இருக்கும். ஒன்பது பேரில் பலருக்கு ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. அதே வண்டியில் ஆண்கள் உடையில் இருந்த இரண்டு வெள்ளைப் பெண்களும் இறங்கினார்கள். ஹன்ட்ஸ்வில் பஞ்சாலைகளில் வேலை பார்த்த விக்டோரியா பிரைஸும் ரூபி பேட்ஸும். இந்தப் பையன்கள் எங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று புகார் எழுந்தது.

பன்னிரண்டே நாளில் விசாரணை ஆரம்பித்தது. ஸ்காட்ஸ்பரோ நீதிமன்றத்தின் வெளியே ஆயிரக்கணக்கில் கூட்டம். உள்ளே, வழக்கைப் படிக்க அவகாசமே கிடைக்காத வக்கீல்கள். நான்கு நாளில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மிகச் சிறியவனான ராய் ரைட்டுக்கு அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது. ஜூரர்களில் பெரும்பாலோர் அவனையும் கொல்லத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் முடிவு எட்டப்படவில்லை. அலபாமா உச்ச நீதிமன்றம் ஏழு பேரின் தண்டனையை உறுதி செய்தது. 1932 நவம்பர் 7-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயிர் போகும் வழக்கில் உருப்படியான வக்கீல் உதவி இல்லாமல் நடந்த விசாரணை விசாரணையே ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மறுவிசாரணை டிகேட்டர் நகருக்கு மாற்றப்பட்டது. அது எட்டாவது சர்க்யூட். நீதிபதி ஹார்ட்டன்.

1933 மார்ச் கடைசியில் ஹேவுட் பேட்டர்சனின் வழக்கு முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சியோடு தொடர்புடைய சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு, நியூயார்க்கிலிருந்து சாமுவேல் லைபோவிட்ஸ் என்ற வக்கீலை அனுப்பியது. அவர் கம்யூனிஸ்ட் இல்லை, கட்டணமும் வாங்கவில்லை. கொலை வழக்குகளில் பெயரெடுத்தவர். ஆனால் யூதர், வடக்கத்தியர். டிகேட்டர் மக்களுக்கு அந்த இரண்டும் போதுமாக இருந்தது. எதிர்த் தரப்பில் மாநில அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட் தாமே வந்து நின்றார். இந்தப் பையன்களின் தண்டனையை அலபாமா உச்ச நீதிமன்றத்தில் உறுதி செய்து எழுதிய நீதிபதி இவருடைய அப்பா. 1934-ல் துணை ஆளுநர் பதவிக்கு நிற்பது மகனின் திட்டம்.

ஹார்ட்டன் சீர்திருத்தவாதி இல்லை. கறுப்பினத்தவரை ஜூரர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை என்று லைபோவிட்ஸ் ஆட்சேபித்தார். படித்த, பண்புள்ள கறுப்பினக் குடிமக்களைக் கூண்டில் ஏற்றி, இவர்களுக்கு என்ன தகுதி குறைவு என்று கேட்டார். ஹார்ட்டன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தார். நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்ற பிரிவினை அப்படியே இருந்தது. ஒரு கறுப்பின சாட்சியை நைட் பெயர் சொல்லி ஒருமையில் அதட்ட, அவரை மிஸ்டர் என்று அழையுங்கள் என்று லைபோவிட்ஸ் எழுந்து சத்தம் போட்டார். அப்படி அழைத்துப் பழக்கமில்லை என்றார் நைட். தான் பிறந்து வளர்ந்த அந்த உலகத்தின் ஒழுங்கை ஹார்ட்டன் மாற்ற முயன்றதாக ஒரு சாட்சியமும் இல்லை. அவரைப் பின்னால் மகானாக்கி எழுதியவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தாண்டக்கூடாது என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தனைக்கும் உள்ளே இருந்த ஒருவர் செய்தது என்பதில்தான் அவர் செயலின் கனம் இருக்கிறது.

சாட்சியம் ஆரம்பித்தது. விக்டோரியா பிரைஸ் தன் கதையை மாற்றாமல் சொன்னார். அந்தக் கூட்ஸ் வண்டியின் சிறு மாதிரி ஒன்றை மேஜையில் வைத்துக் கேள்வி கேட்டார் லைபோவிட்ஸ். வண்டி இப்படித்தானே இருந்தது என்றதற்கு, அது இதைவிட ரொம்பப் பெரியது என்று மடக்கினார் பிரைஸ். முதல் நாள் இரவு சாட்டனூகாவில் ஒரு அம்மாவின் விடுதியில் தங்கியதாகச் சொன்னார். அந்த அம்மாவின் பெயர் ஒரு வாரப் பத்திரிகைக் கதையில் வரும் பாத்திரத்தின் பெயர் என்று லைபோவிட்ஸ் காட்டினார். ரூபி பேட்ஸோ எதிர்பாராத சாட்சியாக, அதுவும் பிரதிவாதியின் பக்கம் வந்து நின்று, அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றார். நியூயார்க் பணத்தில் வாங்கிய புது உடுப்பு என்று கூட்டத்தில் கசமுசா எழுந்தது. அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் டாக்டர் பிரிட்ஜஸின் சாட்சியம். அவர் அரசுத் தரப்பு சாட்சி. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இரண்டு பெண்களையும் பரிசோதித்தவர். நாடித்துடிப்பு இயல்பாக இருந்தது, மூச்சு இயல்பாக இருந்தது, பதற்றம் இல்லை, சில சிறு கீறல்களும் கன்றல்களும் தவிரக் காயம் இல்லை என்று சொன்னார். ஆறு பேர் ஒருவர்பின் ஒருவராக வன்முறை செய்ததாகச் சொல்லப்படும் உடலில் அதற்குப் பொருந்தும் தடயம் இல்லை. ஹார்ட்டன் முன்னால் சாய்ந்து அமர்ந்து டாக்டரை மிகக் கவனமாகக் கேட்டார்.

அந்தப் பெண்களைப் பரிசோதித்த இன்னொரு இளம் டாக்டரும் சாட்சிப் பட்டியலில் இருந்தார். முன்னவர் சொன்னதையேதான் இவரும் சொல்வார், இவரைக் கூப்பிட வேண்டாம் என்று அரசுத் தரப்பு கேட்டுக்கொண்டது; ஹார்ட்டன் சரி என்றார். சற்று நேரத்தில் அந்த டாக்டர் தனியாகப் பேச வேண்டும் என்று நீதிபதியிடம் வந்தார். நீதிமன்றக் கட்டடத்தில் ஆளில்லாத ஒரே இடம் ஆண்கள் கழிப்பறைதான். வாசலில் சேவகன் காவல் நிற்க, இருவரும் உள்ளே பேசினார்கள். அந்தப் பெண்கள் கெடுக்கப்பட்டதாக நான் நம்பவில்லை, பொய் சொல்கிறீர்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னேன், அவர்கள் சிரித்தார்கள் என்றார் டாக்டர். அப்படியானால் கூண்டேறிச் சொல்லுங்கள் என்றார் ஹார்ட்டன். சொன்னால் ஸ்காட்ஸ்பரோவில் நான் மறுபடி தொழில் செய்ய முடியாது என்று மன்றாடினார் டாக்டர். இதை ஹார்ட்டன் பல ஆண்டுகள் வாய் திறக்காமல் வைத்திருந்து, முதுமையில் வரலாற்றாசிரியர் டான் கார்ட்டரிடம் சொன்னார். அந்த டாக்டர் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று மறுத்தார். ஹார்ட்டன் சொன்னதை நம்புகிறவர்களில் நானும் ஒருவன். அவருக்கு அதில் பெருமை எதுவும் இல்லை என்பதே காரணம். ஒரு நீதிபதி, உண்மை தெரிந்த சாட்சியை வற்புறுத்தாமல் விட்ட கதை அது. டாக்டரின் பிழைப்பைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜூரர்களே விடுதலை செய்துவிடுவார்கள், நாம் தலையிட வேண்டியிராது என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் விலையைப் பேட்டர்சன் கட்டினார்.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கைதிகளைக் கொன்றுவிட ஊரில் ஆள் திரளுவதாகச் செய்தி வந்தது. ஹார்ட்டன் ஜூரர்களை வெளியே அனுப்பிவிட்டு, நிரம்பி வழிந்த நீதிமன்றத்தைப் பார்த்துப் பேசினார். கைதிகள் மேல் கை வைப்பவன் கொலைகாரன், அதிலும் கோழைக் கொலைகாரன் என்றார். காவலுக்கு நிற்கும் தேசியப் படையினர் சுட வேண்டிவந்தால் சுடுவார்கள் என்றும் எச்சரித்தார். நீதிபதியை மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் அந்த பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலுக்குப் பதின்மூன்று மாதம்தான் இருந்தது.

மாவட்ட அரசு வக்கீல் வேட் ரைட், நியூயார்க்கிலிருந்து வந்த யூதப் பணத்துக்கு அலபாமா நீதி விலை போகாது என்று காட்டுங்கள் என ஜூரர்களிடம் முழங்கினார். விசாரணையையே ரத்து செய்யக் கோரினார் லைபோவிட்ஸ். ஹார்ட்டன் மறுத்துவிட்டார். ஆனால் ஜூரர்களுக்கு அறிவுரை சொல்லும்போது, நாம் வக்கீல்களையோ மாநில எல்லைகளையோ விசாரிக்கவில்லை, கேட்ட சாட்சியத்தை மட்டும் எடைபோடுங்கள் என்று சொன்னார். ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை காலை தீர்ப்பு வந்தது. வெளியே வரும்போது ஜூரர்களிடம் சிரிப்புச் சத்தம் கேட்டது. மரண தண்டனை. குற்றவாளி என்று முடிவெடுக்க ஐந்து நிமிடம்தான் ஆனதாம். ஒரே ஒரு ஜூரர் ஆயுள் தண்டனை போதும் என்று நின்றதால்தான் இரவு முழுக்கத் தாமதம்.

ஊர் திரும்பிய லைபோவிட்ஸ் ஜூரர்களைக் கண்டபடி திட்டிப் பேட்டி கொடுத்தார். டிகேட்டர் கொதித்தது. அடுத்த வழக்கை, கொதிப்பு அடங்கட்டும் என்று ஹார்ட்டன் தள்ளிவைத்தார். பேட்டர்சனுக்கு மறுவிசாரணை கேட்ட மனு அவர் முன்னால் இருந்தது. அலபாமா சட்டத்தில், ஜூரர்களின் முடிவு சாட்சியத்தின் கனத்துக்கு எதிராக இருந்தால் விசாரித்த நீதிபதியே அதை ரத்து செய்து புதிய விசாரணைக்கு உத்தரவிடலாம். விடுதலை செய்துவிட முடியாது, மறுவிசாரணைக்கு அனுப்பலாம். அவ்வளவுதான் அவர் கையில் இருந்த அதிகாரம். தீர்ப்பை ரத்து செய்தால் அடுத்த தேர்தலில் தோற்பது நிச்சயம் என்று செல்வாக்குள்ள ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னதாகவும், அதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஹார்ட்டன் கேட்டதாகவும் அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1933 ஜூன் 22. இடம் ஏதென்ஸ், அவருடைய சொந்த ஊர் நீதிமன்றம். ஹார்ட்டன் தாம் எழுதி வைத்திருந்ததை வாசிக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தத் தீர்ப்பில் அரசியலும் இல்லை, இனப் பாகுபாட்டைப் பற்றிய பிரசங்கமும் இல்லை. ஒரு பெண்ணின் சாட்சியம் மட்டுமே போதும், அதன் அடிப்படையில் தண்டிக்கலாம் என்ற சட்டத்தை முதலில் ஏற்றுக்கொள்கிறார். அந்தச் சாட்சியம் நம்பத்தகாததாகவோ, வேறு சாட்சியத்தோடு முரண்பட்டோ இருந்தால் துணைச் சான்று வேண்டும் என்கிறார். பிறகு துணைச் சான்று எங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வோர் இடமாகப் போய்த் தேடுகிறார்.

அந்தத் தேடலின் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்டது மேல் மூடி இல்லாத ஒரு சரக்குப் பெட்டி. அதில் கூரான உடைகல் ஜல்லி, விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு அடி குறைவாக நிரப்பப்பட்டிருந்தது. அந்த ஜல்லியின் மேல் கிடத்தி ஆறு பேர் வன்முறை செய்தார்கள், முதுகு கிழிந்து ரத்தம் வந்தது என்றார் பிரைஸ். டாக்டர் கண்டது சிறு கீறல்கள். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடித்தார்கள், ரத்தம் கொட்டியது என்றார். தலையில் காயமே இல்லை. ஆறு பேர் என்றால் உடலில் இருந்திருக்க வேண்டிய உயிரணுக்கள் எங்கே? இருந்த சிறிதளவும் உயிரற்றவை. அந்தப் பெட்டியிலேயே கடைசி வரை இருந்ததாகப் பிரைஸே சொன்ன வெள்ளை இளைஞனை அரசுத் தரப்பு ஏன் கூண்டில் ஏற்றவில்லை? பட்டப்பகல். விளிம்புக்கு அவ்வளவு கிட்டத்தில் ஜல்லி நிரம்பிய பெட்டி. அதன்மேல் ஆள் நின்றால் வழி நெடுகப் பார்க்கிறவன் கண்ணில் படுவான். வண்டி ஊர் ஊராகக் கடந்துகொண்டிருந்தது. இப்படி ஒன்றுகூட விடாமல் எடுத்து, நிறுத்து, கீழே வைக்கிறார். முடிவில், இந்தச் சாட்சியத்துக்குத் துணையில்லை, பார்வைக்கே நடந்திருக்க முடியாதது, மற்றச் சான்றுகள் எல்லாம் பிரதிவாதி பக்கமே கனக்கின்றன என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்கிறார்.

இன்று அதைப் படிக்கிற பெண்களை உறுத்துகிற வரிகளும் அதில் உண்டு. இந்த மாதிரி நடத்தையுள்ள பெண்கள் பொய்ப் புகார் கொடுக்கும் பழக்கம் உடையவர்கள் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அது அவருடைய வாதத்துக்குத் தேவையே இல்லை. ஜல்லியும் டாக்டரின் குறிப்பும் மட்டுமே போதுமாக இருந்தன. பஞ்சாலையில் அரைவயிற்றுக் கூலிக்கு உழைத்து, வேலை இல்லாத நாளில் சரக்கு வண்டியில் அலைந்த இரண்டு பெண்கள் மேல் அந்தக் காலத்து மேல்தட்டு ஆண் வைத்திருந்த பார்வை அந்த வரிகளில் அப்படியே நிற்கிறது.

அட்டர்னி ஜெனரல் நைட், உடனடியாக மறுவிசாரணை உண்டு என்று அறிவித்தார். ஹார்ட்டன் கையிலிருந்து வழக்கு நழுவி, வில்லியம் வாஷிங்டன் கல்லஹன் என்ற மூத்த நீதிபதியிடம் போனது. அவர் முன்னால் 1933 கடைசியில் பேட்டர்சனுக்கும், ஒன்பது பேரில் இன்னொருவரான கிளாரன்ஸ் நாரிஸுக்கும் மறுபடி மரண தண்டனை. ஜூரர்களுக்கு அறிவுரை சொன்ன கல்லஹன், குற்றவாளி இல்லை என்று முடிவெடுத்தால் எந்த வாசகத்தில் எழுதித் தர வேண்டும் என்பதைச் சொல்லவே மறந்துவிட்டார். வக்கீல்கள் நினைவூட்டிய பிறகுதான் சொன்னார்.

1934 மே மாதம் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தல் வந்தது. ஹார்ட்டனை எதிர்த்து ஆட்கள் நின்றார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஜூன் மாத இரண்டாம் சுற்றில் அக்விலா கிரிஃபித் என்பவரிடம் ஹார்ட்டன் தோற்றார். அதே ஆண்டு தாமஸ் நைட் துணை ஆளுநராக ஜெயித்தார். அந்தப் பதவியில் இருந்துகொண்டே 1936-ல் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் சிறப்பு அரசு வக்கீலாக மறுபடி வந்து நின்றார். ஒரே மாநிலத்து வாக்காளர்கள், ஒரே வழக்கில் எதிரெதிர்ப் பக்கம் நின்ற இரண்டு பேருக்கு ஓராண்டுக்குள் கொடுத்த பதில் இது.

ஹார்ட்டனைத் தோற்கடித்தவர்கள் மேல் கோபப்படுவது எளிது. மக்கள் ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பிவிட்டார்கள், ஜனநாயகம் என்றால் அதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. பேட்டர்சனின் தாய் தகப்பனுக்கோ, டிகேட்டரில் நீதிமன்றத்தின் ஒரு பக்க பெஞ்சுகளில் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்ட கறுப்பினக் குடும்பங்களுக்கோ அந்தத் தேர்தலில் ஓட்டு இருந்திருந்தால் முடிவு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போதுதான் அதை மக்கள் தீர்ப்பு என்று அழைக்கலாம். வாக்கு வரி வழியாக வடிகட்டிய ஒரு பட்டியல், தன் விருப்பத்துக்கு மாறாகச் சாட்சியத்தைப் படித்த நீதிபதியைத் தண்டித்தது. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வடிகட்டியின் ஒரு பகுதி அடுத்த ஆண்டே வெட்டவெளிச்சமானது. 1935 ஏப்ரல் 1-ல் நாரிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஜூரர் பட்டியலில் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கியது சாசன விரோதம் என்று சொன்னது. மாவட்ட ஜூரர் பதிவேட்டில் சில கறுப்பினப் பெயர்கள் பிற்பாடு இடுக்கில் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்ததைக் காட்ட லைபோவிட்ஸ் அந்தப் பதிவேட்டையே நீதிபதிகளிடம் கொடுத்தார். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். டிகேட்டரில் ஹார்ட்டன் தள்ளுபடி செய்த அதே ஆட்சேபம்தான் வாஷிங்டனில் ஜெயித்தது. இதையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

பையன்களுக்கு விடுதலை துண்டு துண்டாக வந்தது. 1937-ல் நான்கு பேர் மீதான வழக்கை அரசே கைவிட்டது. ஆறு ஆண்டு சிறையில் கழிந்திருந்தது. மற்றவர்களில் பலர் 1940-களில் பரோலில் வெளியே வந்தார்கள். கடைசி ஆளான ஆண்டி ரைட் வெளியே வந்தது 1950-ல். 75 ஆண்டு தண்டனை பெற்ற பேட்டர்சன் 1948-ல் சிறையிலிருந்து தப்பி வடக்கே போனார். மிச்சிகன் ஆளுநர் அவரை அலபாமாவிடம் ஒப்படைக்க மறுத்தார். வேறொரு வழக்கில் சிறைப்பட்டு 1952-ல் புற்றுநோயில் இறந்தார். நாரிஸுக்கு 1976-ல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மன்னிப்பு வழங்கினார். பேட்டர்சன் உள்ளிட்ட மூவருக்கு மன்னிப்பு வந்தது 2013 நவம்பரில். அவர்கள் இறந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

அலபாமா இன்றும் சர்க்யூட் நீதிபதிகளை ஆறு ஆண்டுக்கு ஒரு முறை, கட்சிச் சின்னத்தோடுதான் தேர்ந்தெடுக்கிறது. 2017 வரை அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. ஜூரர்கள் ஆயுள் தண்டனை போதும் என்று சொன்னாலும், விசாரித்த நீதிபதி அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதிக்கலாம். தேர்தலை எதிர்நோக்கும் நீதிபதிகள் அந்த அழுத்தத்துக்கு வளைகிறார்கள் என்று 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் ஒரு மாற்றுக் கருத்தில் கண்டித்தார். ஜூரர்களின் மரண தண்டனையைச் சாட்சியம் பார்த்து ரத்து செய்தவரை அனுப்பிய மாநிலம், ஜூரர்களின் கருணையை ரத்து செய்தவர்களைப் பல பத்தாண்டுகள் பதவியில் வைத்திருந்தது. 2017-ல் சட்டம் மாற்றப்பட்டது. அதற்கு முன் அப்படித் தண்டனை பெற்றவர்களுக்கு அந்த மாற்றம் பொருந்தாது என்றும் அதே சட்டம் சொன்னது.

தோற்ற பிறகு ஹார்ட்டன் மறுபடி எந்த நீதிபதி பதவிக்கும் வரவில்லை. வக்கீல் தொழிலும் விவசாயமுமாக லைம்ஸ்டோன் மாவட்டத்திலேயே இருந்தார். ஏதென்ஸ் நகரிலிருந்த தன் வீட்டைப் பிரித்து, கிரீன்பிரையர் பண்ணைக்குக் கொண்டுபோய் மறுபடி எழுப்பி அதில் வாழ்ந்தார். 1973 மார்ச்சில் 95-வது வயதில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து அவரைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. விக்டோரியா பிரைஸ் இறந்துவிட்டதாக அதில் சொல்லப்பட்டது. அவர் உயிரோடு டென்னசியில் இருந்தார், தொலைக்காட்சி நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார். ஏதென்ஸ் நீதிமன்றத்தின் முன்னால் ஹார்ட்டனுக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது 2017-ல்.

லைபோவிட்ஸின் கதை வேறு திசையில் போனது. 1940-ல் அவரும் ஒரு தேர்தலில் நின்றார். புரூக்ளினில், கிங்ஸ் கவுண்டி நீதிமன்ற நீதிபதி பதவிக்கு. ஜெயித்தார். மரண தண்டனையிலிருந்து எத்தனையோ பேரைக் காத்த அந்த வக்கீல், நீதிபதி நாற்காலியில் மிகக் கடுமையான தண்டனைகளுக்குப் பெயர் போனவர் ஆனார். அது எப்படி என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.